பதிவில் இல்லாத தேநீர்

பாராட்டு விழாவுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது ஜெசிந்தா ஒரு பெரியவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"

பெரியவர் எதிர்ச் சுவரிலிருந்த எழுத்துகளைப் பார்த்தபடி யோசித்தார். அவள் காத்திருந்தாள். பாலக்கரையில் கண்ணாடிக் கடைகள் ஏராளம். ஆனால் அந்தம்மா அவசரப்படுத்தாது என்று பெயர் வாங்கியிருந்தது அவள் கடை ஒன்றுதான். தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பெரியவர் முதல் வில்லையே தேவலை என்று சொன்ன பிறகுதான் அவள் எடுத்தாள்.

"மேடம், ஆராய்ச்சி நிலையத்துலேருந்து வினோதினி பேசுறேன். சாயல் பிரிவு. ஒரு நல்ல சேதி. நாட்டுலயே ரொம்ப வேகமா அனுமதி குடுக்குற நெறிக்குழுன்னு நம்ம குழுவத் தேர்ந்தெடுத்திருக்காங்க. உறுப்பினருங்க எல்லாரையும் மேடையில கௌரவிக்கப் போறோம். உங்களுக்குத் தனியா ஒரு பாராட்டு இருக்கு."

"எனக்கு என்னத்துக்கும்மா?"

"இந்த மூணு வருசத்துல ஒரு ஆய்வுக்குக்கூட நீங்க ஆட்சேபம் சொல்லல மேடம். வேற எந்த ஊர்லயும் வெளியாள் உறுப்பினர் இப்படி ஒத்துழைச்சது இல்லையாம்."

மறுமுனையில் அந்தப் பெண் விழா நாளைச் சொல்லி, பட்டுப்புடவையில் வந்தால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்றும் சொல்லி வைத்துவிட்டாள். பெரியவர் சட்டத்தைக் கழற்றாமலேயே அவளைப் பார்த்தார்.

"ஏதும் கெட்ட சேதியா தாயி?"

"இல்லீங்கய்யா. பாராட்டுறாங்களாம்."

சொல்லிவிட்டு அவர் மூக்கிலிருந்த சட்டத்தைக் கழற்றினாள்.

விலங்குகளை வைத்து ஆய்வு செய்கிற எந்த நிலையமும் நெறிக்குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. அந்தக் குழுவில் விஞ்ஞானிகள் இருப்பார்கள், கால்நடை மருத்துவர் இருப்பார். ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. படித்தவர்கள் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. குழுத் தலைவராக இருந்த பேராசிரியர் தணிகாசலம் அவளிடம் கண்ணாடி போட்டுக்கொண்டவர். இந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒருநாள், "நீங்க எங்க குழுவுக்கு வாங்களேன். பேசுறதுக்கு ஆள் இருக்கு. பொறுமையா இருக்கத்தான் ஆள் இல்ல" என்று அழைத்தார்.

பல வருடங்கள் அவள் போனாள். பிறகு, கூட்டம் கூடத் தாமதமாகிறது, ஆய்வுகள் தேங்குகின்றன, மருந்துக்காக நோயாளிகள் காத்துக் கிடக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. அப்போதுதான் சாயல் என்ற கணினி நிரல் வந்தது. ஒவ்வோர் உறுப்பினரும் கலந்துகொண்ட கூட்டங்களின் ஒலிப்பதிவு முழுவதையும் அது கேட்கும். எதற்கு அவர் எப்படி முடிவெடுப்பார் என்று கற்றுக்கொள்ளும். அப்புறம் அவருக்குப் பதிலாக, அவருடைய குரலிலேயே தன் முடிவைச் சொல்லும். மாதக்கணக்கில் இழுத்தது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். தணிகாசலம் அதற்குச் சற்று முன்னால்தான் இறந்திருந்தார். ஜெசிந்தா ஒப்புதல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடையைக் கவனிக்கத் திரும்பினாள். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு ஆட்சேபம்கூட இல்லை என்றால், அது யாருடைய சாயல்?

விசாரித்துவிட வேண்டும் என்று நினைத்த அந்த நிமிடமே இன்னொரு பயமும் கூடவே வந்தது. அன்று காலையில்தான் அவளுடைய தம்பி மகள் அக்ஸிலியா தொலைபேசியில் அழுதாள். சந்தோஷ அழுகை. பத்தொன்பது வயதுப் பெண். கால்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறி, நரம்புகளை ஒவ்வொன்றாக அணைக்கும் பரம்பரை நோய் அவளுக்கு. இப்போது அது கைவரைக்கும் வந்திருந்தது. தட்டிலிருந்து வாய்க்குச் சோறு போவதற்குள் பாதி மடியில் விழும். அந்த நோய்க்கு முதல் முதலாக ஒரு மருந்து கண்டுபிடித்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள். அக்ஸிலியாவின் பெயரும் அதில் வந்துவிட்டது.

"அத்தை, அடுத்த மாசம் ஊசி. விழுங்குறது இன்னும் நல்லா இருக்கிறதாலதான் என்னைய எடுத்தாங்களாம். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா எடுத்திருக்க மாட்டாங்களாம். நான் லக்கில்ல?"

அந்த மருந்து பிறந்தது இதே ஆராய்ச்சி நிலையத்தில்.

புதுக்கோட்டைச் சாலையில் ஓடும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் ஜெசிந்தா வெளியே பார்க்கவில்லை. 'ஆட்சேபிக்கிறேன்' என்ற சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஊர் பேர் தெரியாத ஒருவரின் செருப்பில் கால் நுழைத்தது போலிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்தில்கூட அந்தச் சொல்லை அவள் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததும் இல்லை.

அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தபடி, நிலையத்தின் கேண்டீனில் டாக்டர் முபாரக் அவளுக்காகக் காத்திருந்தார். நிலையத்தின் கால்நடை மருத்துவர். குழுவில் அவளோடு கூடவே இருந்தவர். தாடி முழுக்க நரைத்திருந்தது. எழுந்து நின்று, தன் நாற்காலியையே அவள் பக்கம் தள்ளினார்.

"விருது வாங்க இன்னைக்கே வந்துட்டீங்களா மேடம்?"

"கிண்டல் பண்ணாதீங்க டாக்டர். நான் எப்ப எல்லாத்துக்கும் சரின்னு சொன்னேன்?"

"நீங்க எப்ப வேணாம்னு சொன்னீங்க?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்றது. முபாரக் கேண்டீனின் மூலையிலிருந்த நீள மேசையைக் காட்டினார். இப்போது அதன்மேல் தண்ணீர் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அந்த மேசை ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? கூட்டம் மாடியில் நடக்கும். ஆய்வாளர் தன் திட்டத்தைப் படிப்பார். எத்தனை விலங்கு, என்ன செய்யப் போகிறார், எப்படி முடிப்பார் என்று சொல்லுவார். மனசுக்கு ஒப்பாத திட்டமென்றால் ஜெசிந்தா பேசாமல் இருப்பாள். தன் கண்ணாடியைக் கழற்றி மடக்குவாள், விரிப்பாள், மறுபடி மடக்குவாள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தணிகாசலம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் மெதுவாக எழுந்து, "சரி, ஒரு டீ சாப்பிட்டு வந்துரலாமே" என்று சொல்லி ஒலிப்பதிவை நிறுத்துவார். எல்லோரும் இறங்கி அந்த மேசைக்கு வருவார்கள். உளுந்த வடை வரும். தணிகாசலம் ஆய்வாளரின் தோளில் கையைப் போட்டு, "தம்பி, இத்தன நாய் எதுக்கு? பாதி போதாதா? வலி மருந்த ரெண்டு நாள் சேத்துக் குடுத்தா என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்பார். ஆய்வாளர் தலையைச் சொறிவார். திருத்துவார். சில பேர் திட்டத்தையே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. மாடிக்குத் திரும்பி ஒலிப்பதிவை மறுபடி போட்டதும், இருக்கிற திட்டம் ஒரு மனதாக நிறைவேறும்.

யாருக்கும் முகம் சுருங்கக் கூடாது. நிராகரிப்பு என்ற சொல் ஒரு விஞ்ஞானியின் பெயருக்கு நேரே ஏறிவிடக் கூடாது. அது அந்தக் குழுவின் மரியாதை. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"சாயல் அந்தப் பதிவக் கேட்டுத்தான் மேடம் படிச்சுச்சு" என்றார் முபாரக். "இந்த மேசையில பேசினது எதுவும் அதுக்குத் தெரியாது. நீங்க பேசாம இருந்தீங்க, கொஞ்ச நேரத்துல அனுமதி கெடச்சிருச்சு. அது கேட்டது அவ்வளவுதான்."

"நீங்க? உங்க சாயல் என்ன செஞ்சுது?"

முபாரக் தாடியைத் தடவினார். "நான் எப்பவும் என்ன சொல்லுவேன்? மேடம் என்ன நினைக்கிறாங்கன்னு பாத்துக்கலாம்னுதான. என் சாயலும் அதையேதான் சொல்லுது. ஒவ்வொரு தடவையும் அது உங்களத்தான் பாக்குது."

அவளுக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. வரவில்லை.

"வாங்க. ஒண்ணு காட்டணும்."

விலங்குக் கூடத்துக்குள் போக நீல அங்கியும் காலுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே குளிர்ச்சி. கழுவிவிட்ட தரையின் மருந்து வாசனை. இரண்டு பக்கமும் கம்பிக் கதவுகள். நாய்கள் இருக்கிற இடமென்றால் குரைப்புச் சத்தம் காதை அடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு அந்த அமைதி விளங்கவில்லை.

கடைசிக் கதவை முபாரக் திறந்தார். பழுப்பும் வெள்ளையும் கலந்த நாய், தொங்கிய காதுகள். முதுகில் மயிர் மழித்த இடத்தில் பழைய தழும்பொன்று நீளமாக ஓடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது இன்னும் ஆறவில்லை. அங்கி உடுத்திய மனிதர்களைப் பார்த்ததும் நாய் வாலை ஆட்டியது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"பொறக்கும்போதே நரம்பு ஒவ்வொண்ணா அணைஞ்சுக்கிட்டே போற நோயோட பொறக்குற மாதிரி வளத்த நாய் மேடம். மொதல் ஆய்வுல மருந்த முதுகுத்தண்டுல போட்டுப் பாத்தாங்க. அது முடிஞ்சதும் வலியில்லாமத் தூங்க வச்சிருக்கணும், இல்லாட்டி வளக்குறதுக்கு யார்கிட்டயாச்சும் குடுத்திருக்கணும். ஒரு உயிர்கிட்ட ஒரு தடவைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு தணிகாசலம் சார் எத்தன தடவை சொல்லியிருக்காரு. ரெண்டாவது ஆய்வுக்கும் இதே நாயக் கேட்டாங்க. இப்ப மூணாவது. புது நாய் வளக்குறதுக்கு நாளாகுமாம்."

"யாரு அனுமதிச்சது?"

"நாமதான். நானும் நீங்களும்."

நாய் அவளை நோக்கி நடந்து வந்தது. கால்களை அகல வைத்து நின்று, முன்னங்காலை நீட்டி, தரை எங்கே இருக்கிறதென்று தேடுவது போலக் காற்றில் ஆட்டி, தொட்டு, நிதானித்து, அப்புறம்தான் உடம்பை அதன்மேல் சாய்த்தது. தெரியாத குளத்தில் இறங்குகிறவர்கள் கால் வைப்பது போல.

ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சு மேடம்?"

"எங்க அக்ஸிலியா இப்படித்தான் நடப்பா."

முபாரக் திரும்பிப் பார்த்தார். தம்பி மகளைப் பற்றி, அடுத்த மாதத்து ஊசியைப் பற்றி, இன்னும் விழுங்க முடிகிற தொண்டையைப் பற்றி அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டு வந்தது. அவர் குனிந்து நாயின் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "தெரிஞ்சிருந்தா உங்களக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்."

"அந்த மருந்து இதுக்கு வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது. இது எந்திரிச்சு நிக்குதுல்ல, அது மருந்தாலதான். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி படுத்தே கெடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "மருந்து நல்ல மருந்துதான் மேடம். அதுல நான் பொய் சொல்ல முடியாது. ஆனா அடுத்தது என்னன்னு கேளுங்க. இது எந்த எடத்துல குணமாச்சுன்னு பாக்க மறுபடி முதுகத் தொறக்கணுமாம். நாலாவது. வர்ற வாரம் சாயலுக்குப் போகுது. இது மட்டும் இல்ல, இந்த வரிசையில இருக்கிறது பூராவும் அப்படித்தான். நான் சம்பளக்காரன், நான் சொன்னா என் சாயல வச்சே என் வாய அடைப்பாங்க. நீங்க வெளியாளு. நீங்க வாயத் தொறந்து சொன்னா உண்டு."

மாடியில் பழைய கூட்ட அறை இப்போது சாயல் பிரிவாகியிருந்தது. சுற்றி நாற்காலி போட்ட பெரிய மேசை போய், சுவரோரமாக ஒரு திரையும் இரண்டு ஒலிபெருக்கிகளும் வந்திருந்தன. வினோதினிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பாராட்டு விழாப் புடவையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உற்சாகமாக எழுந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் உட்கார்ந்துவிட்டாள். கெட்ட பெண்ணில்லை. பயந்த பெண்.

"சாயல் தப்பு பண்ணாது மேடம். அது நீங்களேதான். வேணும்னா கேட்டுப் பாருங்க."

நாயின் மூன்றாவது ஆய்வை அவள் போட்டுக் காட்டினாள். திட்டத்தை ஓர் இயந்திரக் குரல் வேகமாக வாசித்தது. விஞ்ஞானிகளின் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சம்மதம் சொல்லின. அப்புறம் முபாரக்கின் குரல்: "மேடம் என்ன நினைக்கிறாங்கன்னு பாத்துக்கலாம்." கதவோரம் நின்ற முபாரக் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பின் ஒலிபெருக்கியில் ஒன்றுமில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று ஜெசிந்தா வினோதினியைப் பார்த்தாள். பிறகுதான் அது காதில் விழுந்தது. மெல்லிய மூச்சு. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். சற்று விட்டு இன்னொரு டிக். ஒரு கண்ணாடியின் கால்கள் மடங்குகின்றன, விரிகின்றன.

அது அவளுடைய மௌனம். துளிக்கூடத் தப்பாமல் அவளுடையது.

சாயல் அவளை மறக்கவில்லை. அவள் எங்கே அஞ்சுவாளோ அங்கே அதுவும் அஞ்சியிருக்கிறது. எங்கே வாயடைத்து உட்காருவாளோ அங்கே உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருடமாக, நூற்றுக்கணக்கான தடவை, யாராவது எழுந்து ஒலிப்பதிவை நிறுத்துவார்கள் என்று காத்திருந்திருக்கிறது.

மணி ஒலித்தது. 'ஆட்சேபம் இல்லை' என்ற எழுத்துகள் திரையில் வந்தன.

"இதுதான் மேடம்" என்றாள் வினோதினி. "மத்தவங்க சாயல் ஒடனே சொல்லிரும். உங்களது மட்டும் சில ஆய்வுக்கு எதுவுமே சொல்லாது. எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? அதான் ஒரு அளவு வச்சிருக்கோம். அதத் தாண்டிட்டா சம்மதம்னு எடுத்துக்கும்."

"பேசாம இருந்தா சம்மதம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"பழைய பதிவு பூராவும் அப்படித்தான மேடம் இருக்கு. நீங்க பேசாம இருந்த ஒரு ஆய்வுகூட நிராகரிப்பு ஆகல."

"கீழ போயி டீ குடிக்கும்போது மாத்துவோம்மா. திருத்துவோம்."

"அது எனக்கு எப்படி மேடம் தெரியும்?" அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "நான் சேரும்போது என்கிட்ட ஒலிப்பதிவத்தான் குடுத்தாங்க. டீயக் குடுக்கல."

கீழே எங்கேயோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போயிற்று. வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினாள்.

"சரி பண்ணலாம் மேடம். ஒரு வழி இருக்கு. உறுப்பினரே நேர்ல வந்து விளக்கம் சொன்னா சாயல் அத ஏத்துக்கும். நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். நீங்க பேசாம இருந்ததுக்கு என்ன அர்த்தம்? நீங்க வாயால சொல்லணும். வேணாம்னு அர்த்தம்னு சொன்னீங்கன்னா, அப்பவே அப்படி மாறிரும்."

"இனிமே வர்றதுக்கு மட்டுமா?"

"இல்ல மேடம். அர்த்தம் ஒண்ணுதான இருக்க முடியும்? அது பேசாம இருந்த எல்லா ஆய்வோட அனுமதியும் நிறுத்தி வைப்பாங்க. ஒவ்வொண்ணா மறுபடி பாப்பாங்க. அதுலேருந்து வந்த மருந்து எதையும் அதுவரைக்கும் யாருக்கும் போட முடியாது."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வருசமாச்சும் ஆகும்."

ஒரு வருடம். அக்ஸிலியாவின் தொண்டை ஒரு வருடம் காத்திருக்காது. ஜெசிந்தா கேட்க விரும்பாத கேள்வியைக் கேட்டாள்.

"என் தம்பி மக அந்த மருந்துக்குக் காத்திருக்கா. சொந்தக்காரங்க இருந்தா நான் இதுல முடிவு சொல்லக் கூடாதுல்ல?"

ஆமாம், கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினாள். வேறு யாராவது இதைச் சுமக்கட்டும் என்று இருந்தது.

"அது பழைய விதி மேடம். இப்ப முடிவு பண்றது சாயல். சாயலுக்குச் சொந்தக்காரங்க கிடையாது. நீங்க விளக்கம் மட்டும்தான சொல்லப் போறீங்க."

"நான் கொஞ்ச நாள் கழிச்சு வந்து சொன்னா?"

"இப்ப நீங்க கேட்டது எல்லாம் பதிவாயிருச்சு மேடம். விளக்கம் இல்லாம இத மூட முடியாது." வினோதினி ஒரு விசையை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் தோன்றி, மெதுவாக நிறையத் தொடங்கியது. "அவசரமில்ல. யோசிச்சே சொல்லுங்க."

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். பேருந்தில் பழகிக்கொண்டு வந்த சொல் நாக்கின் நுனியில் இருந்தது. முபாரக் கதவோரத்தில் அசையாமல் நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குச் சங்கடம் என்று தெரிந்துதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலத்துக்கு அடுத்தபடியாக அவளுடைய மௌனத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர்.

நாய்க்கு ஏற்கெனவே நடந்தது நடந்துவிட்டது. மூன்று தழும்பை எந்தச் சொல்லும் அழிக்காது. இப்படி நினைத்தாள். உடனே, நாலாவது இன்னும் நடக்கவில்லையே என்றும் நினைத்தாள். அந்த வரிசையில் எத்தனை கம்பிக் கதவு என்று எண்ணாமல் வந்ததற்காக நன்றியாக இருந்தது. நன்றியாக இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அக்ஸிலியா கை நடுங்கச் சோற்றை அள்ளுகிறாள். மடியில் சிந்தியதைப் பார்த்து, "அத்தை, நான் இன்னும் எல்கேஜி பாஸாகல" என்று சிரிக்கிறாள். நாய் காற்றில் காலை ஆட்டித் தரையைத் தேடுகிறது. இரண்டும் ஒரே கால். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது.

வேண்டாம் என்று அர்த்தம். அவ்வளவு சின்ன வாக்கியம்தான். அதுதான் உண்மையும்.

வட்டம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

"யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் ஜெசிந்தா.

"மேடம்?"

"நான் பேசாம இருந்தா, யோசிச்சுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். வேற ஒண்ணும் இல்ல."

அறை முன்னைப் போலவே இருந்தது. மின்விசிறி சுற்றியது. வினோதினியின் தோள்கள் தளர்ந்தன. அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப பிரச்சினையே இல்ல மேடம். அனுமதி எல்லாம் அப்படியே இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வேகமாகத் தட்டச்சு செய்தாள்.

முபாரக் ஜன்னலிலிருந்து திரும்பினார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"புள்ள நல்லாயிரணும் மேடம்" என்றார். "நான் துவா செய்றேன்." பிறகு, "நாய்க்கு மருந்து போடுற நேரம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அவளும் எழுந்திருக்க நினைத்தாள். வினோதினி திரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தாள். பயம் தெளிந்த பேச்சு.

"நீங்க சொன்னதால இன்னொரு நன்மையும் ஆச்சு மேடம். வெறும் யோசனைதான்னா, அது அத்தன நேரம் உக்காந்திருக்க வேண்டியதே இல்ல. உங்க ஒரு சாயலாலதான் நேரமாகுதுன்னு மேலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இப்ப அந்தக் காத்திருக்கிற எடத்த எடுத்துட்டேன். வர்ற வாரம் போக வேண்டியத இப்பவே ஓட்டிரலாம். பாக்குறீங்களா?"

வேண்டாம் என்பதற்குள் அடுத்த ஆய்வு ஓடத் தொடங்கியிருந்தது. இயந்திரக் குரல் தலைப்பை வாசித்தது. நாயின் நான்காவது ஆய்வு அது. விஞ்ஞானிகள் சொன்னார்கள். முபாரக்கின் சாயல், மேடம் என்ன நினைக்கிறாங்கன்னு பாத்துக்கலாம் என்றது. அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே ஒரு பெண்குரல் குறுக்கிட்டது. இதமான குரல். கடைக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்லும்போது வருகிற குரல்.

"எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லைங்க."

அவள் ஒருநாளும் சொல்லாத வாக்கியத்தை அவள் குரல் இத்தனை சரளமாகச் சொல்லி முடித்திருந்தது. ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்த வினோதினி கையை விசையிலிருந்து எடுத்தாள்.

"ஏதாச்சும் சொல்லணுமா மேடம்?"

ஜெசிந்தா அந்தப் பெண்ணையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்ததால் எதிரே இருந்த திரை தண்ணீருக்கடியில் தெரிவது போலத் தெரிந்தது. உதடுகள் அசைந்தன. வார்த்தை வரவில்லை.

வினோதினி மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"யோசிக்கிறீங்க" என்று புரிந்துகொண்ட தலையசைப்போடு சொல்லிவிட்டு, அடுத்த ஆய்வைத் திறந்தாள்.